சுழலும்போதே சமநிலை

துணி துவைக்கும் இயந்திரம் துணியைப் பிழியத் தொடங்கும்போது சில வேளைகளில் ‘தடதட’வென ஆடும். மூடியைத் திறந்து பார்த்தால், நனைந்து கனத்த போர்வையோ துண்டோ தொட்டியின் ஒரு பக்கமாகச் சுருண்டு கிடக்கும். அதைப் பிரித்துப் பரப்பிவிட்டால் ஆட்டம் அடங்கிவிடும். இயந்திரத்தில் பழுது எதுவும் இல்லை. எடை ஒரு பக்கமாகச் சேர்ந்ததே அந்த ஆட்டத்திற்குக் காரணம்.

வீட்டு மின்விசிறி, காரின் சக்கரம், தண்ணீர் இறைக்கும் பம்பு, மின் நிலையத்தின் விசையாழி ஆகிய அனைத்தும் இதே விதிக்குக் கட்டுப்பட்டவை. ஆனால், துணி துவைக்கும் இயந்திரத்தைப் போல எல்லா இயந்திரங்களையும் நினைத்த நேரத்தில் நிறுத்தித் திறந்து பார்க்க முடியாது. இரவும் பகலும் ஓட வேண்டிய இயந்திரங்கள் பல உள்ளன. அவை ஓடிக்கொண்டிருக்கும்போதே எடையைச் சரிசெய்து அதிர்வைக் குறைக்கும் தொழில்நுட்பம் ‘இயங்குநிலைச் சமன்படுத்தல்’ எனப்படும்.

அதிர்வு எங்கிருந்து பிறக்கிறது?

சுழலும் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு மையங்கள் உண்டு. ஒன்று, அது எந்தக் கோட்டைச் சுற்றிச் சுழல்கிறதோ அந்தச் சுழல் அச்சு. மற்றொன்று, அப்பொருளின் எடை மையம். இவ்விரண்டும் ஒன்றாக இருந்தால் சுழற்சி சீராக இருக்கும். எடை மையம் சற்றே விலகியிருந்தாலும் கனமான பக்கம் வெளிப்புறமாக இழுக்கத் தொடங்கும். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றுபவரின் கையை அக்கல் வெளியே இழுப்பதைப் போன்றது இது. இவ்வாறு வெளிப்புறமாக இழுப்பது மையவிலக்கு விசை எனப்படும்.

இந்த இழுவிசை ஒரே திசையில் நிற்பதில்லை. கனமான பக்கம் மேலே வரும்போது மேல்நோக்கியும், கீழே வரும்போது கீழ்நோக்கியும் இழுக்கிறது. ஆகவே, சுழலும் தண்டைத் தாங்கி நிற்கும் பேரிங் ஒவ்வொரு சுற்றிலும் எல்லாப் பக்கங்களிலும் மாறி மாறி இழுபடுகிறது. அதுவே அதிர்வாக வெளிப்படுகிறது.

இவ்விசையின் அளவை மூன்று செய்திகள் தீர்மானிக்கின்றன. அவை மிகுதியாக உள்ள எடை, அது அச்சிலிருந்து விலகியிருக்கும் தொலைவு, சுழலும் வேகம் ஆகியவை. இவற்றுள் வேகமே வலிமை மிக்கது. எடை இரு மடங்கானால் விசையும் இரு மடங்காகும்; ஆனால், வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும்.

ஒரு கணக்கைப் பார்த்தால் இது தெளிவாகும். 30 சென்டிமீட்டர் ஆரமுள்ள கார் சக்கரம் ஒன்றில், அச்சிலிருந்து 20 சென்டிமீட்டர் தொலைவில், 50 கிராம் எடை மிகுதியாக இருப்பதாகக் கொள்வோம். கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அந்தச் சிறு எடை ஏறத்தாழ 2 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் சக்கரத்தை இழுக்கும். வேகம் 100 கிலோமீட்டராக உயர்ந்தால் அவ்விசை 9 கிலோகிராம் எடையை நெருங்கும். அதுவும் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 15 முறை திசை மாறி மாறி இழுக்கும். நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும்போது மட்டும் ஸ்டீயரிங் நடுங்குவதன் காரணம் இதுதான். டயர் கடைக்காரர் சக்கரத்தின் விளிம்பில் சின்னஞ்சிறு உலோகத் துண்டைப் பொருத்தியவுடன் அந்த நடுக்கம் மறைந்துவிடுகிறது.

துணி துவைக்கும் இயந்திரத்தில் இந்த விசை இன்னும் பெரியது. நிமிடத்திற்கு 1,200 முறை சுழலும் தொட்டியில், அச்சிலிருந்து 25 சென்டிமீட்டர் தொலைவில் 1 கிலோகிராம் ஈரத்துணி ஒரு பக்கமாகச் சேர்ந்தால், அதன் இழுவிசை ஏறத்தாழ 400 கிலோகிராம் எடைக்குச் சமமாகும்.

பம்பரம் கற்றுத் தரும் பாடம்

கிளந்தான் மாநிலத்தில் புகழ்பெற்ற காசிங் பம்பரம் ஏறத்தாழ 5 கிலோகிராம் வரை எடை கொண்டது. நன்கு செய்யப்பட்ட பம்பரம் ஒரு மணி நேரத்திற்கும் மேலாகச் சுழலும். மரத்தட்டும் அதைச் சுற்றியுள்ள உலோக வளையமும் எல்லாப் பக்கமும் ஒரே எடையுடன் அமைய வேண்டும் என்பதில் அதனைச் செய்யும் கைவினைஞர்கள் கண்ணும் கருத்துமாக இருப்பார்கள். ஒரு பக்கம் சற்றே கனத்தாலும் பம்பரம் தள்ளாடி விரைவில் விழுந்துவிடும்.

பம்பரம் போன்ற தட்டையான பொருளில் கனமான பக்கத்தைக் கண்டறிவது எளிது. அதை நிலைகுத்தாக நிறுத்தி, அதன் தண்டை வழுவழுப்பான இரு தாங்கிகள்மேல் வைத்தால், கனமான பக்கம் தானாகவே கீழே வந்து நிற்கும். எதிர்ப்பக்கத்தில் எடையைச் சேர்த்தாலோ கனமான பக்கத்தைச் செதுக்கினாலோ போதும்.

நீண்ட உருளைகளில் இந்த வழி போதாது. ஓர் உருளையின் இடக்கோடியில் மேற்பக்கமும் வலக்கோடியில் கீழ்ப்பக்கமும் ஒரே அளவு கனத்திருந்தால், அசையாமல் இருக்கும் நிலையில் அவை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். உருளை சமநிலையில் இருப்பதாகவே தோன்றும். வேகமாகச் சுழலும்போதோ, ஒரு கோடி மேலேயும் மறுகோடி கீழேயும் இழுபட்டு உருளை தள்ளாடும். ஆகவே, இத்தகைய உருளைகளைச் சுழலவிட்டே சோதிக்க வேண்டும். இரு கோடிகளிலும் தனித்தனியே எடையைச் சரிசெய்ய வேண்டும்.

சுழலும் பொருள்களைச் சமன்படுத்தும் இயந்திரத்திற்கான காப்புரிமையை 1870ஆம் ஆண்டில் கனடாவில் மார்ட்டின்சன் என்பவர் பெற்றார். மின்சாரமும் நீராவி விசையாழியும் பரவிய பின்னர் அதன் தேவை பெருகியது. 1907ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரான்ஸ் லாவாசெக் மேம்பட்ட இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். டார்ம்ஸ்டாட் நகரத்தின் ஷெங்க் நிறுவனம் அதைத் தயாரிக்க முன்வந்தது. இன்று இத்துறைக்கு அனைத்துலகத் தர அளவுகள் உள்ளன. அவற்றின்படி, நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும் நீராவி விசையாழியின் எடை மையம் அதன் அச்சிலிருந்து ஏறத்தாழ 0.008 மில்லிமீட்டர் மட்டுமே விலகியிருக்கலாம். இது தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

ஒருமுறை சரிசெய்தால் போதாதா?

தொழிற்சாலையிலிருந்து புறப்படும்போது ஓர் இயந்திரம் முழுச் சமநிலையில் இருக்கலாம். ஆனால், வேலை செய்யத் தொடங்கியதும் அதன் எடைப் பரவல் மாறிக்கொண்டே இருக்கும்.

செம்பனை எண்ணெய் ஆலைகளை எடுத்துக்கொள்வோம். அங்குப் பழத்தின் நாரும் ஓடும் கொதிகலனில் எரிக்கப்படுகின்றன. எழும் புகையை ஒரு பெரிய விசிறி உறிஞ்சிப் புகைபோக்கிக்கு அனுப்புகிறது. புகையிலுள்ள சாம்பல் விசிறியின் இறக்கைகளில் படிகிறது. எல்லா இறக்கைகளிலும் ஒரே அளவு படிந்தால் கவலையில்லை. ஓர் இறக்கையிலிருந்து மட்டும் சாம்பல் கட்டி பெயர்ந்து விழுந்தால், அந்த நொடியே சமநிலை குலைகிறது.

உலோகப் பாகங்களை வழுவழுப்பாக்கும் சாணை இயந்திரத்தின் நிலையும் இதுவே. அதன் சக்கரம் வேலை செய்யச் செய்யத் தேய்கிறது. அதிலுள்ள நுண்துளைகள் குளிர்விக்கும் திரவத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. காலையில் இருந்த சமநிலை மாலையில் இருப்பதில்லை. சக்கரம் அதிர்ந்தால், பாகத்தின் மேற்பரப்பில் அலை அலையாகத் தடங்கள் பதிந்துவிடும். நுட்பமான பாகம் வீணாகிவிடும்.

நீராவி விசையாழியின் தண்டு வெப்பத்தால் வளைவதும் உண்டு. ஓட்டத்தை நிறுத்தியதும் அதை அப்படியே விட்டால், மேற்பகுதி சூடாகவும் கீழ்ப்பகுதி குளிர்ந்தும் போய்த் தண்டு வில்போல் சற்று வளைந்துவிடும். அதனால்தான், மின் நிலையங்களில் நிறுத்தப்பட்ட விசையாழியை ஆறும் வரை பல மணி நேரம் மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

அதிர்வைப் பொருட்படுத்தாவிட்டால்

ஒரு கம்பியை முன்னும் பின்னுமாக மடக்கிக்கொண்டே இருந்தால் அது ஒரு கட்டத்தில் முறிந்துவிடும். ஒவ்வொரு மடக்கும் கம்பியை முறிக்கும் அளவுக்கு வலியதன்று. எனினும், மீண்டும் மீண்டும் மடக்குவதால் உலோகம் வலுவிழக்கிறது. இது உலோகச் சோர்வு எனப்படும். நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை அதிரும் இயந்திரத்தின் பேரிங்கும் திருகாணிகளும் இத்தகைய சோர்வுக்கே ஆளாகின்றன.

ரஷ்யாவின் சைபீரியப் பகுதியில், யெனிசெய் ஆற்றின்மேல் சயானோ-சுஷென்ஸ்காயா நீர்மின் நிலையம் உள்ளது. அங்கு ஒவ்வொன்றும் 640 மெகாவாட் திறன் கொண்ட 10 விசையாழிகள் இயங்கிவந்தன. அவற்றுள் 2ஆம் விசையாழி அனுமதிக்கப்பட்ட அளவை மீறி அதிர்ந்துகொண்டிருந்தது. 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் காலையில், அதன் மூடியைப் பிணைத்திருந்த பெரிய திருகாணிகள் முறிந்தன. நீரின் அழுத்தம் நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள சுழலும் பகுதியை மேலே தூக்கி எறிந்தது. இயந்திரக் கூடத்திற்குள் வெள்ளம் புகுந்தது. 75 பேர் உயிரிழந்தனர்.

அந்த அதிர்வுக்கு எடைச் சமநிலையின்மையை மட்டும் காரணமாகக் கூற முடியாது. நீரோட்டம் சீராக இல்லாத நிலைகளை அந்த விசையாழி திரும்பத் திரும்பக் கடக்க நேர்ந்ததும் ஒரு காரணம். உலோகச் சோர்வால் திருகாணிகள் முன்பே வலுவிழந்திருந்ததை விசாரணை உறுதிப்படுத்தியது. அதிர்வு என்பது வெறும் இரைச்சலன்று, அது ஓர் எச்சரிக்கை என்பதை அந்நிகழ்வு உலகுக்கு உணர்த்தியது.

தானே சமன்செய்யும் வளையம்

சில துணி துவைக்கும் இயந்திரங்களின் தொட்டியில் வளையம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதனுள் உப்பு நீரோ உலோகக் குண்டுகளோ இருக்கும். தொட்டி வேகமாகச் சுழலும்போது இவை கனமான பக்கத்திற்கு எதிர்ப்பக்கம் சென்று சேர்ந்து சமநிலையை ஏற்படுத்துகின்றன. இதற்கு மின்சாரமோ கணினியோ தேவையில்லை.

இது எப்படி நிகழ்கிறது? ஊஞ்சலுக்கு ஒரு குறிப்பிட்ட ஆடும் வேகம் இருப்பதைப் போல, சுழலும் ஒவ்வொரு தண்டுக்கும் ஓர் இயல்பான அதிர்வு வேகம் உண்டு. சுழலும் வேகம் அதை எட்டும்போது அதிர்வு மிகப் பெரிதாகும். அவ்வேகம் ‘மாறுநிலை வேகம்’ எனப்படும். அதைத் தாண்டி எந்தத் தண்டும் ஓட முடியாது என்று 1869ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து அறிஞர் ராங்கின் கருதினார். ஆனால், சுவீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்தாவ் டி லாவல் 1880களில் வளையக்கூடிய மெல்லிய தண்டைப் பயன்படுத்தி, நிமிடத்திற்கு ஏறத்தாழ 30,000 முறை சுழலும் விசையாழியை இயக்கிக் காட்டினார். மாறுநிலை வேகத்தைத் தாண்டியதும் சுழலும் பொருள் தன் எடை மையத்தையே சுற்றத் தொடங்குகிறது என்பதை 1919ஆம் ஆண்டில் ஜெஃப்காட் தெளிவாக விளக்கினார்.

அவ்வாறு சுழலும்போது, அச்சு எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கமே வளையத்தின் வெகு தொலைவுப் பகுதியாகிறது. அது கனமான பக்கத்திற்கு நேர் எதிரே அமைகிறது. நீரும் குண்டுகளும் அங்கே சென்று சேர்கின்றன. ஆனால், மாறுநிலை வேகத்தை எட்டுவதற்கு முன் இவை கனமான பக்கத்திலேயே சேர்ந்து அதிர்வைக் கூட்டிவிடும். எனவே, எல்லா வேகத்திற்கும் இந்த வளையம் ஏற்றதன்று.

உணர்ந்து, கணித்து, நகர்த்தும் கருவி

இக்குறையைப் போக்குவதே இயங்குநிலைச் சமன்படுத்தும் கருவி. இதற்கு மூன்று உறுப்புகள் உள்ளன.

முதலாவது, உணர்வி. பேரிங்கின்மீது பொருத்தப்பட்ட உணர்வி அதிர்வின் அளவை அளக்கிறது. மற்றோர் உணர்வி, தண்டிலுள்ள ஓர் அடையாளக் குறி தன்னைக் கடந்து செல்லும் நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. அதிர்வு எவ்வளவு, அது சுற்றின் எந்த இடத்தில் உச்சம் அடைகிறது என்னும் இரண்டும் இவ்வாறு தெரியவருகின்றன.

இரண்டாவது, கட்டுப்படுத்தி. இதன் வேலை எளிதன்று. அதிர்வு உச்சம் அடையும் பக்கமே கனமான பக்கம் என்று முடிவுசெய்ய இயலாது. மெதுவாகச் சுழலும்போது இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கும். மாறுநிலை வேகத்தில் உச்சம் கால் சுற்று பின்தங்கும். வேகம் அதைவிட மிகுந்தால் அரைச் சுற்று வரை பின்தங்கும். ஆகவே, கட்டுப்படுத்தி முதலில் ஒரு சிறு எடையைச் சற்றே நகர்த்திப் பார்க்கிறது. அதனால் அதிர்வு எவ்வளவு மாறியது, எந்தத் திசையில் மாறியது என்று கவனிக்கிறது. அந்த மாற்றத்தைக் கொண்டு, தேவையான எடையின் அளவையும் இடத்தையும் கணிக்கிறது.

மூன்றாவது, நகர்த்தி. சாணை இயந்திரத்தின் சுழல்தண்டினுள் ஒரே அளவுள்ள இரண்டு எடைகள் வட்டப் பாதையில் அமைக்கப்பட்டிருக்கும். சிறிய மின்மோட்டார்கள் அவற்றை நகர்த்துகின்றன. இதைப் புரிந்துகொள்ளக் கடிகாரத்தின் முகத்தைக் கற்பனை செய்யலாம். ஓர் எடை 12 மணியிலும் மற்றொன்று 6 மணியிலும் இருந்தால், அவை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். எந்த விளைவும் இராது. இரண்டும் 12 மணிக்கு வந்தால், இரு எடைகளின் முழு வலிமையும் அத்திசையில் கிடைக்கும். ஒன்று 10 மணியிலும் மற்றொன்று 2 மணியிலும் இருந்தால், 12 மணித் திசையில் ஓர் எடையின் வலிமை மட்டும் கிடைக்கும். இவ்வாறு இரண்டே எடைகளைக் கொண்டு, அவற்றின் மொத்த வலிமைக்குள் எந்த அளவையும் எந்தத் திசையிலும் பெற்றுவிடலாம்.

சில சாணை இயந்திரங்களில் எடைகளுக்குப் பதிலாக நீர் பயன்படுகிறது. சக்கரத்தோடு சுழலும் சிறு அறைகளுள் தேவையான அறைக்கு மட்டும் நீர் பீய்ச்சப்படுகிறது. முறை எதுவாயினும், சக்கரம் நிற்பதில்லை, வேலையும் தடைபடுவதில்லை.

தொடாமல் தாங்கும் காந்தம்

கூலிமிலும் சிங்கப்பூரிலும் மின்னணுச் சில்லுகளைத் தயாரிக்கும் ஆலைகள் உள்ளன. அத்தகைய ஆலைகளில், வெற்றிடத்தை உண்டாக்கும் பம்புகள் நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழல்கின்றன. இப்பம்புகள் பலவற்றில் சுழலும் தண்டை எந்த உலோகமும் தொடுவதில்லை. மின்காந்தங்கள் அதனை அந்தரத்தில் தாங்கி நிற்கின்றன. தண்டு இம்மியளவு விலகினாலும் உணர்விகள் அறிந்து சொல்ல, காந்தத்தின் வலிமை நொடிப்பொழுதில் மாற்றியமைக்கப்படுகிறது.

இங்கு எடையை நகர்த்தாமலேயே அதிர்வைக் குறைக்க முடிகிறது. சுழற்சியோடு சேர்ந்து வரும் ஆட்டத்தை மட்டும் காந்தங்கள் எதிர்க்காமல் விட்டுவிடுகின்றன. தண்டு தன் எடை மையத்தைச் சுற்றி விருப்பம்போல் சுழல்கிறது. காந்தத்திற்கும் தண்டுக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளி அதற்கு இடமளிக்கிறது. பிடித்து நிறுத்தும் விசை இல்லாததால், பம்பின் உடலுக்கு அதிர்வு மிகக் குறைவாகவே கடத்தப்படுகிறது.

கருவியும் கவனமும்

இயங்குநிலைச் சமன்படுத்தல் எல்லாக் கோளாறுகளுக்கும் மருந்தாகாது. தளர்ந்த திருகாணி, விரிசல் கண்ட தண்டு, நேர்க்கோட்டில் பொருத்தப்படாத இணைப்பு ஆகியவற்றாலும் இயந்திரம் அதிரும். இவற்றை எடையை நகர்த்திச் சரிசெய்ய முடியாது. மேலும், கருவி அதிர்வை மறைத்துவிட்டால், உள்ளே வளரும் விரிசல் கண்ணில் படாமல் போகும் ஆபத்தும் உண்டு. வலிநிவாரணி மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு, நோயைக் கவனிக்காமல் விடுவதற்கு இது ஒப்பாகும்.

ஆகவே, அனுபவமுள்ள பொறியாளர்கள் அதிர்வு குறைந்துவிட்டதா என்று மட்டும் பார்ப்பதில்லை. அதைக் குறைக்கக் கருவி எடையை எவ்வளவு நகர்த்த வேண்டியிருந்தது என்பதையும் நாள்தோறும் பதிவுசெய்கிறார்கள். அந்த அளவு மெல்ல மெல்ல மாறினால், தேய்மானமோ படிவோ காரணமாக இருக்கலாம். இயந்திரத்தைத் துப்புரவு செய்ய நாள் குறிக்கலாம். திடீரென ஒரே நாளில் பெரிதாக மாறினால், ஏதேனும் ஒரு பாகம் உடைந்திருக்கக்கூடும். இயந்திரத்தை உடனே நிறுத்திச் சோதிக்க வேண்டும். தேவையான எடையைக் கருவி கணித்துத் தருகிறது. ஆனால், இயந்திரத்தைத் தொடர்ந்து ஓடவிடுவதா நிறுத்துவதா என்ற முடிவை, அந்தப் பதிவைப் படிப்பவரே எடுக்க வேண்டும்.